தப்புக்கு ஒரு கட்டம்

மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று மனசில் வைத்திருந்தேன், மூன்றாவது முடிந்து நாலாவதும் ஆரம்பித்துவிட்டது, நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை, திறக்க அண்ணன் விட்டால்தானே, அவன் இந்த அணியின் பூர்வ கதையை எடுத்து இப்போதுதான் ஆற்றங்கரைக்கே வந்திருக்கிறான். ஹாரோவில் என்கிற இந்த ஊர் ஒரு ஆற்றின் இரண்டு கரையிலும் இருக்கிறதாம், பாலம் கட்டுவதற்கு முன்னால் தோணிதானாம், தோணிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் பொழுது போகாமல் பேஸ்பால் ஆட, அதைப் பார்க்கக் கூட்டம் சேர, கம்பெனி முதலாளி ஆடுவதற்கே சம்பளம் கொடுக்க ஆரம்பித்தாராம், அப்படிப் பிறந்ததாம் ஹாரோவில் ஃபெர்ரிமென், தோணிக்காரர்கள் என்று அர்த்தம். பிறகு பாலம் வந்தது, தோணி போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், எனக்கு என்ன. நாளை மறுநாள் எனக்கு விமானம். அம்பாசமுத்திரத்திலிருந்து இத்தனை கடல் தாண்டி வந்தது தோணிக் கதை கேட்கவா. வீட்டில் மதினி எங்களை ஒரு நிமிஷம் தனியாக விடவில்லை, நான் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும், காபி வேணுமா பிரமு என்று வந்து நின்றுவிடுவாள், கெட்டவள் இல்லை, மோப்பம் பிடித்துவிடுகிறவள். இன்றைக்குக் காலையில் அண்ணன் தானாகவே, மத்தியானம் நீயும் நானும் மட்டும் மேட்சுக்குப் போவோம் என்று சொன்னதும், ஆகா, இவன் புரிந்துகொண்டான், பேசத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். இந்த நாற்காலியோ மடிக்கிற நாற்காலி, எழுந்தால் தானாக மூடிக்கொள்கிறது, உட்கார்ந்தால் அடிவயிறு இழுக்கிறது, தலைக்கு மேலே வெயில், முன் வரிசையில் ஒரு ஆள் கடலையை உடைத்து உடைத்துத் தோலைக் காலடியிலேயே போடுகிறான், யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை.

கேட்க வேண்டியது என்னவோ ஒரே ஒரு விஷயம்தான். எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லி நாளாகிவிட்டது, இனிமேலும் தள்ளிப்போடாதீங்க டீச்சர், ரத்தம் இப்படிப் போனா எங்கேயாவது பாடம் நடத்திக்கிட்டு இருக்கும்போதே விழுந்துருவீங்க என்றாள், நான் கணக்கு டீச்சர், கரும்பலகைக்கு முன்னால் விழுந்தால் பையன்கள் ஒரு வருஷத்துக்குப் பேசுவான்கள். ஆபரேஷன் பெரிய விஷயம் இல்லை, அதற்குப் பிறகு மூன்று மாசம் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். அம்மா குடத்தைவிடக் கனம். கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலி, நாற்காலியிலிருந்து தூக்கிக் கக்கூஸ், அங்கிருந்து தூக்கிக் குளியல், மறுபடி கட்டில், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நான் தூக்குவதும் இறக்குவதுமாகத்தான் இருக்கிறேன், பள்ளிக்கூடம் போகிற நேரத்துக்குப் பக்கத்து வீட்டு மங்கை பார்த்துக்கொள்கிறாள், நான் இங்கே இருக்கிற இந்த மூன்று வாரமும் அவள்தான், அவளும் மகள் பிரசவத்துக்குத் தூத்துக்குடி போகப் போகிறாள். ஆக, அண்ணன் வர வேண்டும். மூன்று மாசம் வந்து அம்மா கூட இருக்க வேண்டும். இதைப் போனில் சொல்லப் பார்த்தேன். அம்மா விஷயம் ஒண்ணு பேசணும் அண்ணே என்று ஆரம்பித்ததுமே, பிரமு, எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு, நானே கூப்பிடுதேன் என்று வைத்துவிடுவான். அவன் கூப்பிடுவது எப்போதும் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் ஒரு இடத்தைப் பற்றிச் சொல்ல. புல்தரை, நர்ஸ், பஜனை ஹால், எல்லாம் இருக்காம், படம் அனுப்புவான், படத்தில் ஒரு கிழவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ரோஜாச் செடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார், ஒவ்வொரு படத்திலும் அதே கிழவர். அம்மாவிடம் காட்டினேன், இவருக்கு வேற வேலை இல்லையாட்டி என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போனில் நழுவுகிறவன் நேரில் நழுவ முடியாது என்றுதான் மாசக் கணக்கில் அலைந்து விசா வாங்கி வந்தேன், இவன் நேரில் போனில் நழுவுவதைவிட நன்றாக நழுவுகிறான்.

இந்த ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். ஒருவன் எறிகிறான், எதிரில் இருக்கிறவன் மட்டையைச் சுழற்றுகிறான், படவில்லை. மறுபடி எறிகிறான், இவன் சுழற்றவேயில்லை, அதற்கும் ஒரு கைதட்டல். மற்ற எல்லோரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதையோ மென்றபடி நிற்கிறார்கள், நம் ஊர் டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள்கூட இதைவிடச் சுறுசுறுப்பாக நிற்பார்கள். அண்ணே என்றேன். இரு இரு, இத மட்டும் சொல்லிருதேன் என்று அவன் பாலத்திலிருந்து தீ விபத்துக்கு வந்துவிட்டான். முதல் மைதானம் மரப்பலகையில் கட்டினதாம், எவனோ சுருட்டுப் பிடித்து எரிந்துபோயிற்றாம், கட்ட வழி இல்லாமல் முதலாளி அணியை அப்படியே மூட்டை கட்டி மலைக்கு அந்தப் பக்கம் வேறொரு ஊருக்குக் கொண்டுபோய்விட்டாராம். அணியையே கொண்டுபோய்விட முடியுமா என்று கேட்டேன், கேட்டது தப்பு, கேட்டால் அவனுக்குக் கண் பெரிதாகிவிடுகிறது. முடியுமாம். இங்கே அதெல்லாம் சகஜமாம். ஆட்டக்காரர்கள், பெயர், சட்டை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வேறு ஊர் போய் அந்த ஊர்க்காரர்கள் என்று ஆடுவார்களாம், இங்கே இருக்கிறவர்கள் வெறும் திடலைப் பார்த்து அழுதுகொண்டிருப்பார்களாம். மலைக்கு அந்தப் பக்கம் ஆறே இல்லை, ஆனாலும் தோணிக்காரர்கள் என்றுதான் ஆடினார்கள் பார்த்துக்கோ என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கிக்கொண்டு போவது ஒருத்தருக்குச் சுலபம், திடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இன்னொருத்தர் வேலை. இவன் போன அன்றைக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் அப்பா ரயில் நகர்ந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டே நின்றார், நான் சாப்பாட்டுக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவனுக்குக் கட்டிக் கொடுத்த புளியோதரையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான், வீட்டுக்கு வந்து நாங்கள்தான் சாப்பிட்டோம், இந்தத் தோணிக்காரர்கள் எனக்கு எதற்கு இதையெல்லாம் கிளறிவிடுகிறார்கள் என்று தெரியவில்லை. அப்புறம் திரும்பி வந்துட்டாங்க என்கிறான் அண்ணன், ஊர்க்காரங்க சேந்து புது மைதானம் கட்டிக் கூட்டிட்டு வந்துட்டாங்க. நல்லது. அணியாவது திரும்பி வந்ததே.

எதிரே பெரிய பலகை ஒன்று இருக்கிறது, விளக்கெழுத்தில் எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, எண் என்றால் என் கண் தானாகப் போகும், அது தொழில் கோளாறு. ஒவ்வொரு அணிக்கும் கடைசியில் மூன்று கட்டங்கள். முதல் கட்டம் எடுத்த ஓட்டம், அது புரிந்தது. இரண்டாவது அடித்த அடி, அதுவும் எப்படியோ புரிந்தது. மூன்றாவதில் ஒரு ஒன்று நிற்கிறது, அது கூட்டலிலும் வரவில்லை, கழித்தலிலும் வரவில்லை. அது என்னது என்று கேட்டேன். அது தப்பு என்றான். எது தப்பு. பந்தைப் பிடிக்க வேண்டியவன் பிடிக்காமல் விட்டால் அது தப்பு, எத்தனை தப்பு என்று எழுதிப் போடுவார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் எத்தனையோ விளையாட்டுப் போட்டிக்குப் பள்ளிக்கூடத்தில் மார்க் போட்டிருக்கிறேன், எந்த விளையாட்டிலும் தப்புக்கென்று தனியாக ஒரு கட்டம் போட்டு ஊர் பார்க்க மாட்டிவைத்தது கிடையாது. யார் முடிவு பண்ணுவா என்று கேட்டேன். மேலே கண்ணாடி அறையைக் காட்டினான், அங்கே ஒருவர் உட்கார்ந்திருப்பாராம், அவர் சொன்னால் தப்பு, இல்லை என்றால் இல்லை. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது என்று அண்ணன் என் பக்கமாக நன்றாகத் திரும்பி உட்கார்ந்தான், இந்த மூன்று வாரத்தில் அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசினது அப்போதுதான். பந்து உயரப் போய் இரண்டு பேருக்கு நடுவில் விழுகிறது என்று வைத்துக்கொள், இரண்டு பேரும் நீ பிடி நீ பிடி என்று நின்றுவிட்டார்கள், பந்து தரையில் விழுந்துவிட்டது, அப்போது பெரும்பாலும் யார் கணக்கிலும் தப்பு எழுத மாட்டார்கள். ஏனென்றால் யாரும் தொடவில்லை. ஆனால் ஒருவன் ஓடிப்போய், எட்டிப்பிடித்து, கையில் பட்டு நழுவிவிட்டால், அவன் பெயரில் தப்பு. தொட்டவன் பெயரில்தான் தப்பு என்றேன். ஆமா, தொட்டவன் மேலதான் என்றான். அண்ணன் போட்டிருக்கிற சட்டை முதுகில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது, வொய்சிக் என்று, இவன் பெயர் வேலாயுதம், எவனுடைய சட்டையையோ போட்டிருக்கிறான், காலையிலேயே கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, இப்போது அவனே சொல்ல ஆரம்பித்தான். ஸ்டான் வொய்சிக் என்று ஒரு ஆட்டக்காரன், போலந்துக்கார வம்சம், அண்ணன் இங்கே வருவதற்கு ரொம்ப முன்னால். இந்த அணி ஒரே ஒரு தடவை கோப்பைக்குப் பக்கத்தில் போயிருக்கிறது, கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், பந்து இடது பக்கம் உயரப் போகிறது, அங்கே நிற்க வேண்டியவன் நின்றபடியே நின்றுவிட்டான், சூரியன் கண்ணில் விழுந்ததோ, பயமோ, தெரியாது. நடுவில் இருந்த வொய்சிக் அங்கேயிருந்து ஓடிவந்து, எட்டி, கையுறையில் பந்து பட்டு, நழுவி விழுந்துவிட்டது. அவ்வளவுதான், கோப்பை போயிற்று. வொய்சிக் பெயரில் தப்பு. நின்றபடி நின்றவன் பெயரில் ஒன்றுமில்லை, அவன் பிறகு இதே ஊரில் சாண்ட்விச் கடை வைத்து நன்றாக இருந்தானாம், கடையில் அவனோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். வொய்சிக் வீட்டு ஜன்னலில் கல் விழுந்ததாம்.

நான் சொல்லட்டுமா அது எப்படி இருக்கும் என்று. சோப்பு நுரை இருக்கிறது, தரை ஈரம், அம்மாவின் தோள் வழுக்குகிறது, ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் சொம்பை எடுக்கிறேன், இதை எத்தனை நாள் செய்திருக்கிறேன், அன்றைக்கும் அதே மாதிரிதான், சரிகிறாள், நினைப்பதற்கு நேரமே இல்லை, கை தானாகப் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தது, இழுத்தேன், ஒரு சத்தம் கேட்டது, முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம், அதற்கப்புறம் நான் முருங்கைக்காய் வாங்குவதையே விட்டுவிட்டேன். தலை தரையில் அடிக்கவில்லை. இடுப்பு தப்பியது. மணிக்கட்டு மட்டும். இதை யாரும் சொல்ல மாட்டார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், அம்மாவைப் பார்க்கவில்லை, சித்தி வந்தாள், நீ பிடிச்சு இழுத்ததுலதான பிரமு ஒடிஞ்சிருக்கு, மெல்ல உக்கார விட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது என்றாள். சித்தி அம்மாவை ஒரு நாள் குளிப்பாட்டியிருக்கிறாளா. ஒரு நாள் தலை சீவி விட்டிருக்கிறாளா. அவள் பெயரில் எந்தத் தப்பும் இல்லை, சுத்தமான கட்டம். அண்ணன் போன் பண்ணினான், முதலில் அம்மா எப்படி இருக்கா என்று கேட்டான், கேட்டுவிட்டு மூக்கை உறிஞ்சினான், அழப்போகிறானோ என்று நினைத்தேன், ஏன் பிரமு கையப் பிடிச்சு இழுத்த, நீ கொஞ்சம் பாத்துச் செஞ்சிருக்கலாம்லா என்றான். போனை வைத்துவிட்டேன். பதிலை அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு சொன்னேன், மறுநாள் பஸ்ஸில் சொன்னேன், ஒன்பதாம் வகுப்புக்கு வட்டத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டே மனசுக்குள் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் நன்றாகச் சொன்னேன், நேரில் அவனைப் பார்த்ததும் ஒன்றுகூட வாயில் வரவில்லை, விமான நிலையத்தில் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, மெலிஞ்சுட்டியேட்டி என்றான், அதற்கே எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று, இப்படி ஒரு வெட்கங்கெட்ட மனசு.

மைதானத்தில் ஏதோ நடக்கிறது, எல்லோரும் கத்துகிறார்கள், ஒருவன் மண்ணில் சறுக்கிக்கொண்டு போகிறான், புதுச் சட்டை பாழ். இன்னிங்ஸ் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஆறாவது முடியப் போகிறது, மொத்தம் ஒன்பது என்கிறான், இதற்கு நேரக்கெடு கிடையாதாம், முடிகிற வரைக்கும் முடியாதாம், எனக்கென்று பார்த்து வாய்த்திருக்கிறது. அண்ணன் வொய்சிக்கை விடவில்லை. வொய்சிக் வேறு ஊருக்குப் போய் ஸ்கூல் பஸ் ஓட்டினானாம், பேஸ்பால் பற்றி ஒரு வார்த்தை யாரோடும் பேசினது இல்லையாம். வருஷங்கள் கழித்து, அவனுக்குக் கிழடு தட்டிய பிறகு, இந்த அணி மரியாதை செய்ய அவனை அழைத்ததாம். வர மாட்டேன் என்றானாம், மகள் கெஞ்சிக் கூட்டிவந்தாளாம். அன்னைக்கு நான் இங்க இருந்தேன் பிரமு, அந்தா அந்தப் படிக்கட்டுக்குப் பக்கத்துல என்கிறான். கிழவர் கோலை ஊன்றிக்கொண்டு நடுத்திடலுக்கு நடந்தாராம், கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றதாம், யாரும் கத்தவில்லையாம், கைதட்டல் மட்டும், நிற்கவே இல்லையாம். ஓடினது அவர் ஒருத்தர்தான, அத இவங்களுக்குப் புரிய இத்தனை வருஷம் ஆயிருக்கு என்று சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் உடைந்துபோயிற்று. கண்ணைத் துடைக்கிறான். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கண்ணை. துடைக்கிறான். இப்போதே எழுந்து நடந்து போய்விடலாமா, எங்கே போவேன், வெளியே கார் நிற்கிற இடமே மூன்று வயல் அகலம், எதில் வந்தோம் என்றுகூடத் தெரியாது. யாரோ ஒரு போலந்துக்காரக் கிழவனுக்கு அழத் தெரிகிறது. ஓடினவன் ஒருத்தன்தான் என்று கண்டுபிடிக்கத் தெரிகிறது. அப்பா செத்த அன்னைக்கும் இங்கதான் வந்து உக்காந்தேன் என்று அவன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான், விசா பேப்பர் மாட்டிக்கிட்டு, வர முடியல, ரூம்ல இருக்க முடியல, வந்து இங்க உக்காந்தேன், எவனும் எதுவும் கேக்கல, முழு ஆட்டத்தையும் பாத்தேன், யாரு ஜெயிச்சான்னு தெரியாது. எனக்கு இது தெரியாது. அன்றைக்கு அங்கே சித்தப்பா மகன்தான் கொள்ளி வைத்தான், நான் வாசலில் நின்று, இவன் எங்கே எப்படி இருக்கிறானோ என்று நினைத்தேன், இங்கே, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்திருக்கிறான். பாவமாகத்தான் இருக்கிறது. பாவப்பட்டுப் பாவப்பட்டுத்தான் இவனிடம் எதையும் கேட்காமலே இத்தனை வருஷம் போயிற்று, பாவம் பார்க்க எனக்கு இப்போது நேரம் இல்லை.

ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். ஆடுகிறவர்களுக்கு இல்லை, பார்க்கிறவர்களுக்கு ஓய்வாம், எல்லோரும் எழுந்து நின்று கையைக் காலை நீட்டி ஒரு பாட்டும் பாடுவார்களாம், அது பழக்கமாம். கடலைக்காரன் எழுந்தான், எங்களுக்கு இந்தப் பக்கம் எழுந்தார்கள், அந்தப் பக்கம் எழுந்தார்கள், ஆர்கன் வாசிக்கிறது, அண்ணனும் எழப் போனான், நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். சுற்றிலும் முதுகுகளும் இடுப்புகளும், கிணற்றுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி நாங்கள் இரண்டு பேர் மட்டும். பஸ்ஸிலும் வகுப்பிலும் சொல்லிப் பார்த்த நல்ல நல்ல வாக்கியம் ஒன்றும் வரவில்லை, வந்தது வெறும் விஷயம்தான்.

"அண்ணே, எனக்கு ஆபரேஷன். கர்ப்பப்பைய எடுக்கணும்னு சொல்லிட்டாவ. அதுக்கப்புறம் மூணு மாசம் நான் அம்மாவத் தூக்க முடியாது. நீ வரணும்."

அவன் முகம் மாறியது. எப்போதிருந்து தெரியும், ஏன் சொல்லவில்லை என்று கேட்டான், போனில் சொல்லத்தான் வந்தேன், நீ மீட்டிங் என்று வைத்துவிட்டாய் என்றேன். அதுக்குத்தான பிரமு அந்தக் கோயம்புத்தூர் இடம் என்று ஆரம்பித்தான், அம்மா அங்கே போக மாட்டாள், எனக்கும் அனுப்ப மனசில்லை என்றேன். லீவு என்றான். லீவு கேட்டுப் பார்த்தாயா என்றேன். மதினி என்றான். நான் அவளைக் கூப்பிடவில்லை, உன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்றேன். பாட்டு இரண்டாவது தடவை ஆரம்பித்தது, அவன் பாட்டு வருகிற திசையைப் பார்த்தான், எழுந்து நின்று அதற்குள் ஒளிந்துகொள்ளப் போகிறவன் மாதிரி, அதைப் பார்த்ததும் எனக்கு மிச்சமிருந்த பொறுமையும் போயிற்று.

"அந்தாளு சட்டையப் போட்டுக்கிட்டு அழுத. அம்மா விழுந்தப்ப ஓடிப் பிடிச்சவ நான். என்னயத்தான் ஏன் பிடிச்சேன்னு கேட்ட. நீ எங்க நின்ன அண்ணே?"

இவனை இப்படி அடித்துவிட்டோமே என்று ஒரு பக்கம், இன்னும் நாலு கேள் என்று ஒரு பக்கம். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபத்துக்கு என்னிடம் பதில் நிறைய இருக்கிறது. அவன் கையைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டு, சின்ன வயசில் அப்பாவிடம் மார்க் ஷீட்டை நீட்டுகிற குரலில் சொன்னான்.

"எனக்கு அம்மாவத் தூக்கத் தெரியாது பிரமு. கீழ போட்டுருவேன். பயமா இருக்கு."

இதுதானா. இத்தனை மீட்டிங்கும் புல்தரையும் பஜனை ஹாலும் இதற்குத்தானா. சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஐம்பத்தெட்டு வயசு ஆள், இந்த ஊரில் பாலத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்கிறவன், எத்தனை டன் தாங்கும் என்று கையெழுத்துப் போடுகிறவன், ஒரு கிழவியைத் தூக்கப் பயமாம். எனக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள். முதல் நாள் நான் அம்மாவைத் தூக்கினபோது இரண்டு பேரும் சேர்ந்து கட்டிலில் சாய்ந்துவிட்டோம், அவள் என் மேலே கிடந்துகொண்டு, தூக்கவாட்டி வந்த, படுக்கவா வந்த என்று கேட்டாள். எனக்கும் தெரியாமத்தான் இருந்துச்சு என்றேன். அது சத்தமாக வந்துவிட்டது, கடலைக்காரன் திரும்பிப் பார்த்தான்.

அண்ணன் கேட்டான், எப்படித் தூக்கணும். எந்திரி என்றேன். எழுந்தான், நான் உட்கார்ந்தே இருந்தேன். எனக்கு முன்னால் வந்து நில், வரிசைக்கு நடுவில் இடம் குறுகல்தான், கக்கூஸ் வாசலும் இவ்வளவுதான் இருக்கும், கால் இரண்டையும் அகட்டி வை, ஒரு காலை என் முழங்காலுக்கு நடுவில் கொண்டுவா, குனியாதே, குனிந்தால் உன் இடுப்பு போய்விடும், முழங்காலை மடக்கு. கையைப் பிடிக்காதே, கையை மட்டும் பிடிக்கவே பிடிக்காதே. அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் பூட்டு. அவன் பூட்டினான். நான் அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டேன், அம்மா போடுகிற மாதிரி, தளர்வாக, விரல் ஒன்றையொன்று பிடிக்காமல். அவன் சட்டையில் வேர்வையும் வெங்காயமும் மணந்தது. இப்ப அம்மாகிட்டச் சொல்லணும், தூக்கப் போறேம்மான்னு, சொல்லாமத் தூக்கினா பயந்துருவா என்றேன். தூக்கப் போறேன் என்றான் என் காதுக்குப் பக்கத்தில். அம்மான்னு சொல்லணும் என்றேன். தூக்கப் போறேம்மா என்றான். நான் காலில் பலத்தை எடுத்துவிட்டேன், முழுக்க எடுத்துவிட்டேன், டீச்சர், மகள், தங்கச்சி எல்லாவற்றையும் விட்டு வெறும் கனமாக ஆனேன், அவன் ஒரு தடவை ஆடினான், முன் நாற்காலி அவன் முதுகில் இடித்தது, நான் உதவி செய்யவில்லை, மூச்சைப் பிடித்து, ம்ம் என்று ஒரு சத்தம் போட்டு, தூக்கிவிட்டான். பாட்டு முடிந்துவிட்டது. கைதட்டிவிட்டு எல்லோரும் உட்காருகிறார்கள், நாற்காலிகள் படபடவென்று இறங்குகின்றன, பின்னாலிருந்து யாரோ மறைக்கிறது என்று மரியாதையாகச் சொல்கிறார், அண்ணன் நிற்கிறான், கால் நடுங்குகிறது, பிடி நடுங்கவில்லை. சரியாப் பிடிச்சிருக்கேனா என்று கேட்கிறான். சரியாகத்தான் பிடித்திருக்கிறான். அம்மாவுக்கு மாத்திரை கொடுத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுப் படுக்கும்போது என் எலும்பு ஒவ்வொன்றும் என்னை யாராவது கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும், கேட்டுக் கேட்டு அலுத்து அதுவே தூங்கிவிடும். போதும் அண்ணே, இறக்கி விடு என்று சொல்ல வேண்டியதுதான். பின்னால் இருக்கிற மனிதர் மறுபடியும் சொல்கிறார். நான் சொல்லவில்லை.